மலையேறும் இணையம் : போளூரை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது, ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்தனர். மலையும் மலைசார்ந்த நிலமுமாகிய குறிஞ்சிக்கு உரியது தொண்டகப்பறை. பறையின் ஒலி ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவு வரை கேட்கும். இடையே ஒரு முகடு குறுக்கிடுமாயின் அப்பால் உள்ள பள்ளத்தாக்கிற்குக் கேளாது. இருபத்தோராம் நூற்றாண்டின் இணையத்திற்கும் மலைநாட்டில் நேர்ந்துள்ள இடர்ப்பாடு ஏறத்தாழ இதுவே.

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தின் மேற்குப் பகுதியில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை முதலிய ஊர்களைக் கொண்ட மேல்மலைப் பகுதியில் அமைந்த சிற்றூர் போளூர். பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் நிலம் அது. இத்தகைய ஓர் ஊருக்கு விரைவான இணையம், எளிய கட்டணத்தில், இடையறாது கிடைக்க வேண்டுமாயின் என்னென்ன கூடிவர வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வேகம், விலை, கட்டமைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்கி, நம் அண்டைப் பகுதிகளான மேலூரிலும் தேனியிலும் முன்னரே நடந்த முயற்சிகள் நமக்குக் கற்பிக்கும் பாடத்தை ஈண்டுக் காண்போம்.

வேகம் என்பது யாது?

இணைய வேகத்தை அளக்கும் அலகு பிட் என்பதாகும். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட்டு. நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டிலும், நாம் பெறும் கோப்பின் அளவைப் பைட்டிலும் கூறுவதால் மாணவர் பலர் மயங்குவதுண்டு. இருபது மெகாபைட்டு அளவுள்ள ஒரு காணொளிப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். அது 160 மெகாபிட் ஆகும். நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தில் அதனைப் பெறப் பத்து நிமிடத்திற்கு மேல் ஆகும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 80 நொடிகள் போதும். நொடிக்கு 32 மெகாபிட் கிடைப்பின் ஐந்தே நொடிகளில் முடிந்துவிடும்.

நம் நாட்டில் எது அகன்ற அலைவரிசை என்னும் வரையறையும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. 2004-ஆம் ஆண்டின் அகன்ற அலைவரிசைக் கொள்கை நொடிக்கு 256 கிலோபிட்டைக் குறைந்த அளவாகக் கொண்டது. 2013-இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023-ஆம் ஆண்டு சனவரியில் 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. பத்தொன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு மடங்கு உயர்வு எனலாம். ஆயினும் வரையறை உயர்வதாலேயே மலையூரின் வேகம் உயர்ந்துவிடாது. ஏட்டில் உள்ள எண் வேறு, வீட்டில் கிடைக்கும் வேகம் வேறு என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

வேகத்தோடு காலத்தாழ்வும் கருதத்தக்கது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்கும் செயற்கைக்கோள் வழியாக நாம் ஒரு வினாவை அனுப்பி விடை பெற, அலையானது அவ்வுயரத்தை நான்கு முறை கடந்தாக வேண்டும். ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் இதற்கு அரை நொடி அளவு கழிந்துவிடும். படம் பார்ப்பதற்கு இது குறையன்று. ஆசிரியரும் மாணவரும் உரையாடும்போது இடர் தரும். ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்கள் இத்தாழ்வைப் பெரிதும் குறைக்கின்றன. எனினும் அவற்றிற்கு வேண்டும் கருவியின் விலை பூண்டு பயிரிடும் சிறு உழவருக்கு எட்டுவதாக அமைந்தாலன்றி அவை ஊர்முழுமைக்கும் பயன்படா.

விலை இறங்கிய வரலாறு

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அன்று தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். கட்டணமோ நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. அங்கிருந்து நாம் வெகுதொலைவு வந்துள்ளோம். 2014-இல் கைப்பேசியில் ஒரு ஜிகாபைட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 269 ரூபாயாக இருந்த விலை, 2016-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ களத்தில் இறங்கியபின் சரிந்து, 2018-இல் 12 ரூபாய்க்கும் கீழே வந்தது.

இவ்விலைச் சரிவு உண்மையில் பெரும்பேறு. ஆனால் அது யாருக்குக் கிட்டியது? கோபுரத்தின் அலை எட்டும் இடத்தில் இருப்போருக்கே கிட்டியது. அலை எட்டாத இடத்தில் ஒரு ஜிகாபைட்டின் விலை பன்னிரண்டு ரூபாயும் அன்று, இருநூறு ரூபாயும் அன்று. அங்கே அது விற்பனைக்கே இல்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது மலைச்சிற்றூர் மாணவர்கள் மேடு தேடியும் சாலை வளைவு தேடியும் நின்று பாடம் கேட்க நேர்ந்தது இதனால்தான். அவர்கள் கையில் கைப்பேசி இருந்தது. பணம் கட்டிய இணைப்பும் இருந்தது. வழி ஒன்றே இல்லை.

வழியின் மூன்று பகுதிகள்

இணையம் நம் வீட்டை அடையும் வழியை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது கடல்வழி. 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ வடமும், அதன்பின் வந்த பிற கடலடி வடங்களும் உலக இணையத்தைச் சென்னைக் கடற்கரைக்குக் கொணர்ந்தன. இப்பகுதியில் தமிழ்நாட்டிற்குக் குறையொன்றும் இல்லை.

இரண்டாவது நெடுவழி. சென்னையிலிருந்து மதுரை, திண்டுக்கல் முதலிய நகரங்களுக்கு நெடுஞ்சாலை ஓரங்களில் கண்ணாடி இழை வடங்கள் செல்கின்றன. நகரங்கள் பெரியவை, வாடிக்கையாளர் பலர். ஆதலின் போட்டியும் உண்டு.

மூன்றாவது ஊர்வழி. நகரத்திலிருந்து சிற்றூருக்கும், சிற்றூரிலிருந்து ஒவ்வொரு வீட்டிற்கும் செல்வது இது. போளூரின் வேகத்தையும் விலையையும் முடிவு செய்வது இந்த மூன்றாம் பகுதியே. கொடைக்கானல் நகரத்திலிருந்து மன்னவனூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மேல்மலைச் சிற்றூர்களுக்குச் செல்லும் சாலை காட்டின் ஊடும் சரிவின் ஓரத்திலும் வளைந்து செல்கிறது. கண்ணாடி இழை விலை உயர்ந்ததன்று. அதனைப் புதைக்கப் பள்ளம் தோண்டுவதே பெருஞ்செலவு. பாறை நிலத்தில் அச்செலவு மேலும் ஏறும். வனத்துறை, நெடுஞ்சாலைத்துறை, ஊராட்சி என ஒவ்வொருவரிடமும் இசைவு பெற வேண்டும். இத்தனையும் முடித்து இழை ஊரை அடைந்தபின், செலவைப் பகிர்ந்துகொள்ளச் சில நூறு வீடுகளே உள்ளன. சமவெளியில் இரண்டாயிரம் வீடுகள் பகிரும் செலவை மலையில் இருநூறு வீடுகள் பகிர்ந்தால், வீட்டுக்கு வரும் சுமை பத்து மடங்காகிறது. தனியார் நிறுவனங்கள் மலையேறத் தயங்குவது இக்கணக்கினாலேயே.

இழையை விடுத்து வானலையை நாடினால் வேறொரு தடை எழுகிறது. மிகுதியான தரவைச் சுமக்கும் உயர் அதிர்வெண் அலைகள் நேர்கோட்டில் செல்பவை. அனுப்பும் கோபுரமும் பெறும் கோபுரமும் ஒன்றையொன்று காண வேண்டும். மலைப்பனி இவ்வலைகளைத் தடுக்கும் எனப் பலர் எண்ணுவர். கம்பியற்ற இணையத்திற்குப் பயன்படும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பனிமூட்டம் பெரிதும் பாதிப்பதில்லை. முகடும், மழையில் நனைந்த மரத்தழையுமே உண்மையான பகைகள். கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடைப் பண்பலை மதுரையையும் தேனியையும் கடந்து சமவெளியில் நெடுந்தொலைவு கேட்கிறது. உயரத்தில் நின்று தாழ்நிலத்தை நோக்கிப் பேசுவது எளிது. அதே மலையின் மடிப்புக்குள் உள்ள ஊரோடு பேசுவது அரிது.

மேலூர் கற்பித்த பாடம்

ஊர்வழியைக் குறைந்த செலவில் அமைக்கும் முயற்சி தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர்தம் குழுவினரும் கார்டெக்ட் என்னும் கம்பியற்ற தொழில்நுட்பத்தை உருவாக்கினர். ஒரே இணைப்பில் பேச்சும் இணையமும் செல்லும். இணைய வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இதனைக் கொண்டு 2001-ஆம் ஆண்டு முதல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கோரி வட்டாட்சியர் அலுவலகத்திற்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. உலகின் பல நாட்டு ஆய்வாளர்கள் வந்து நோக்கிய முயற்சி அது.

ஆனால் அம்மையங்களுள் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. தொழில்நுட்பம் தோற்றது என்று இதனைக் கருதுதல் பொருந்தாது. மையத்தை நடத்தியவர் நாள்தோறும் வருவோர் தரும் சிறு கட்டணத்தையே நம்பியிருந்தார். ஆதரவு நல்கிய அலுவலர்கள் மாறியபின் அரசுச் சேவைகள் தளர்ந்தன. சேவை தளர, வருவோர் குறைந்தனர். வருவோர் குறைய, கட்டணம் கட்ட வழியின்றி மையம் மூடியது.

தேனி கற்பித்த பாடம்

பழனிமலையின் தென் அடிவாரத்தில் அமைந்த தேனிப் பள்ளத்தாக்கில் மற்றொரு முயற்சி நிகழ்ந்தது. 2005-ஆம் ஆண்டளவில் அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இணைந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கண் மையங்களோடு கம்பியற்ற முறையில் இணைத்தனர். வீட்டிற்குள் பயன்படும் வைஃபை கருவியையே உயர்ந்த கோபுரத்தில் ஏற்றி, திசை நோக்கும் அலைவாங்கியைப் பொருத்தினர்.

வழக்கமான வைஃபை முறையில் ஒவ்வொரு செய்திக்கும் "கிடைத்தது" என்னும் மறுமொழி வரும் வரை கருவி காத்திருக்கும். பல கிலோமீட்டர் தொலைவில் அம்மறுமொழி காலந்தாழ்ந்து வருவதால், செய்தி தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்பும். இதனால் வேகம் சிதையும். ஆய்வாளர்கள் அம்முறையை மாற்றி, இருபுறமும் முறைவைத்துப் பேசுமாறு காலப்பகுதிகளை வகுத்தனர். நொடிக்குப் பல மெகாபிட் வேகம் கிடைத்தது. சிற்றூரில் உள்ள நோயாளி தேனியில் இருக்கும் மருத்துவரோடு முகம் பார்த்துப் பேசினார்.

நாம் சிறப்பாகக் கருத வேண்டியது இதன் பின் நிகழ்ந்ததாகும். சில ஆண்டுப் பட்டறிவுக்குப்பின் ஆய்வாளர்கள் எழுதிய முடிவுகளுள் முதன்மையானது மின்சாரம் பற்றியது. அலையினும் மின்சாரமே அவர்களுக்குப் பேரிடர் தந்தது. மின்னழுத்தம் திடீரென ஏறுவதாலும் தாழ்வதாலும் கருவிகள் பழுதாயின. ஒவ்வொரு பழுதுக்கும் தொலைவிலிருந்து வல்லுநர் வர வேண்டியிருந்தால் இணைப்பு என்றோ மடிந்திருக்கும். உள்ளூர்ப் பணியாளரைப் பயிற்றுவித்ததும், மின்தாழ்வில் கருவியைத் தானே நிறுத்தும் எளிய சுற்றுகளை அமைத்ததும் அதனைக் காத்தன. அனைத்திற்கும் மேலாக, நாள்தோறும் நோயாளிகளைக் காணும் ஒரு மருத்துவமனை அவ்விணைப்பை நம்பி நின்றது. இணைப்பு அறுந்தால் அன்றே அறிந்து, அன்றே சீர்செய்ய வேண்டிய தேவை அந்நிறுவனத்திற்கு இருந்தது.

இரு முயற்சிகளையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஊர்வழி இணையம் நிலைத்து நிற்பதை, அதனை நாள்தோறும் பயன்படுத்தும் நிறுவனமும் அதனைப் பேணும் உள்ளூர்க் கையுமே பெரிதும் முடிவு செய்கின்றன. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

மின்கம்பத்தின் வழியே

இன்று நிலைமை வேறு. ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு நடுவணரசு 2011-இல் இசைவளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளையும் நொடிக்கு 1 ஜிகாபிட் திறனுடன் இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 2022-இல் களத்தில் தொடங்கியது. பள்ளம் தோண்டும் செலவைத் தவிர்க்கப் பெரும்பகுதி இழையை மின்கம்பங்களின் மீதே கொண்டுசெல்வது இத்திட்டத்தின் முறை. அண்டை மாநிலமான கேரளம் தன் மின்வாரியக் கட்டமைப்பைப் பயன்படுத்தி அமைத்த கே-ஃபோன் 2023 சூன் 5-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. இருபது இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்புத் தருவதை அது குறிக்கோளாகக் கொண்டது.

மின்கம்பம் மலையூருக்கு ஏற்ற வழியே. ஆனால் அதன் வலுவும் நலிவும் ஒன்றே. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைக் கடந்து கொடைக்கானல் மலையையும் தாக்கியபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. கம்பம் சாய்ந்தால் விளக்கோடு இணையமும் அணையும். இதற்கு அறிஞர் கூறும் தீர்வு வளைய அமைப்பு. ஒரு நகருக்கு இரு திசைகளிலிருந்து இழை வந்தால் ஒன்று அறுந்தாலும் மற்றொன்று காக்கும். கொடைக்கானல் நகருக்கு வத்தலக்குண்டுச் சாலை, பழனிச் சாலை, அடுக்கம் வழியாகப் பெரியகுளம் செல்லும் சாலை ஆகியவை இருத்தலின் வளையம் அமைக்க இடமுண்டு. மேல்மலைக்கு அவ்வாய்ப்புக் குறைவு. எனவே அங்கே இழைக்குத் துணையாக, முகட்டிலிருந்து முகட்டிற்குச் செல்லும் கம்பியற்ற இணைப்பொன்றை அமைத்துக்கொள்ளுதல் நலம். இரண்டும் ஒரே காற்றில் வீழா.

செலவும் பங்கீடும்

ஊராட்சிக்கு வரும் 1 ஜிகாபிட் என்பது 1,000 மெகாபிட். இருநூறு வீடுகளும் ஒரே நொடியில் முழுமையாகப் பயன்படுத்தினால் வீட்டுக்கு 5 மெகாபிட் கிட்டும். ஆனால் எல்லோரும் ஒரே நொடியில் பயன்படுத்துவதில்லை. ஐந்தில் ஒரு பங்கினர் பயன்படுத்தும் நேரத்தில் வீட்டுக்கு 25 மெகாபிட் கிட்டும். ஆகவே ஊரை அடைந்த இழை ஊருக்குப் போதும். அதனை ஊராட்சி அலுவலக அலமாரிக்குள் முடங்கவிடாது வீடுகளுக்குக் கொண்டுசெல்வதே எஞ்சிய பணி. இணைக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிய ஊராட்சிகள் பலவற்றில் இணைப்பு இயங்காது கிடந்தமை நாடெங்கும் கண்ட குறை.

மலையூரின் மிகைச்செலவைத் தனியார் ஏலாரெனில், அதற்கென நிதி உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் ஐந்து விழுக்காட்டை எல்லார்க்குமான சேவைக்கென ஒதுக்கும் முறை 2002 முதல் உள்ளது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் அந்நிதி டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் பெற்றது. கோபுர அலை எட்டாத 24,680 சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை அளிக்கும் திட்டத்திற்கு 2022 சூலையில் ஒப்புதல் கிடைத்தது. நகரத்தார் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி மலையூருக்குச் செல்வது இரக்கத்தால் ஈவதன்று, சட்டம் வகுத்த பங்கு. இதனை ஊரார் அறிந்து கேட்டல் வேண்டும்.

ஊர் செய்யத் தக்கவை

தேனி கற்பித்த பாடத்தைப் போளூர் போன்ற ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

ஒன்று, இணைப்பை நாள்தோறும் நம்பி நிற்கும் நிறுவனங்களை முதலில் இணைத்தல். பள்ளி, நலவாழ்வு மையம், ஊராட்சி அலுவலகம், உழவர் கூட்டமைப்பு ஆகியவை மாதக்கட்டணத்தின் அடித்தளத்தைத் தாங்கினால் வீடுகளின் சுமை குறையும்.

இரண்டு, உழவர் பயன். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைப்பூண்டு வந்து விற்கும் வடுகப்பட்டிச் சந்தையின் அன்றைய விலையைத் தோட்டத்திலேயே அறிந்த உழவர், மூட்டையை ஏற்றும் நாளைத் தாமே முடிவு செய்வார். அந்த ஒருநாள் வேறுபாடே ஆண்டுக் கட்டணத்தை ஈடுசெய்யக் கூடும்.

மூன்று, பேணுவோர். ஊருக்கு இருவர், ஆணோ பெண்ணோ, இழை ஒட்டவும் மின்கலம் மாற்றவும் பயிற்சி பெற வேண்டும். கொடைக்கானலிலிருந்து ஊர்தி வரும் வரை காத்திருக்கும் இணைப்பு நெடுநாள் வாழாது. கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள் இப்பயிற்சியை ஏற்றுக்கொள்ளலாம்.

நான்கு, பொது இடம். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் எதுவாயினும், ஊர்ப்பெரியோர் தம் பொறுப்பில் உள்ள கட்டடத்தில் ஓர் அறையை மாலைநேரப் படிப்பகமாக ஒதுக்கினால், கைப்பேசி வாங்க இயலாத வீட்டுப் பிள்ளையும், தனியே வெளிமையம் செல்லத் தயங்கும் மாணவியும் அங்கே பயிலுவர். கல்வி கற்கும் உரிமையின் ஒரு கூறாகவே இணையத்தை அணுகும் உரிமையைக் கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில் ஏற்றுக்கொண்டது நினைக்கத்தக்கது.

முடிவுரை

தமிழ் பயில்வோராகிய நமக்கு இதில் என்ன பங்கு என ஒருவர் வினவலாம். 2001-இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ்நூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2011 முதல் அரசு பல இலட்சம் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கியது. நூலும் உண்டு, கருவியும் உண்டு. இரண்டையும் இணைக்கும் வழி இல்லாத ஊரில் அவை தனித்தனியே கிடக்கின்றன. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் சுற்றுலாப் பயணியர் இணையத்தில் இ-பாஸ் பெற்று வரும் முறை நடைமுறைக்கு வந்தது. மலையைக் காண வருவோர்க்கு இணையம் நுழைவாயிலாகிவிட்ட காலத்தில், மலையில் பிறந்த பிள்ளைக்கு அது பாடநூலின் வாயிலாகவேனும் ஆதல் வேண்டும்.

கடல்வழி அமைந்துவிட்டது. நெடுவழியும் அமைந்துவிட்டது. ஊர்வழிக்கு அரசின் நிதியும் மின்வாரியத்தின் கம்பமும் உள்ளன. அவ்வழியை நாள்தோறும் பயன்படுத்துவோரும் பழுதுபார்ப்போரும் அவ்வூரிலிருந்தே எழ வேண்டும். இக்கட்டுரையைப் படிக்கும் மாணவருள் மலையூர்களிலிருந்து வந்தோர் இருப்பின், வரும் விடுமுறையில் தம் ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று இழை வந்துள்ளதா, இயங்குகிறதா, இயங்காதாயின் எந்நாளிலிருந்து, அதைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்னும் நான்கு வினாக்களைக் கேட்டு, விடைகளை எழுதிக்கொண்டு வருவாராக. ஆய்வு அங்கிருந்து தொடரும்.